நேத்து வந்திருக்கணும்

கடற்கரையில் மட்டும் காணப்படும் ஓர் உயிரினம் உண்டு. விடிந்தும் விடியாமலும் கூட்டமாக வந்து இறங்கும். கால் இரண்டு. கண் ஒன்று, இன்னொன்றை இடுக்கி இடுக்கி அந்தப் பக்கத்துக் கன்னமே சற்று மேலேறிப் போயிருக்கும். உடம்பெல்லாம் பைகள், பைக்குள் பை, அந்தப் பைக்குள் லென்ஸ் துடைக்க ஒரு துணி, அந்தத் துணியை வைக்க ஒரு குட்டிப் பை. மேல் நிறம் சேற்றுப்பச்சை. பறவைகளின் கண்ணில் படாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் நிறமாம். பறவைகள் ஏமாந்ததாக இதுவரை தகவல் இல்லை.

இந்த இனத்துக்கு இயற்கை நடைக்காரர் என்று பெயர். பெயரில் இருக்கிற நடை காலில் இல்லை. நாற்பதடிக்கு ஒரு தடவை நிற்பார். அவர் நின்றால் கூட வருகிற பத்துப் பேரும் நிற்க வேண்டும், இருமக் கூடாது, தும்மல் வந்தால் விழுங்க வேண்டும், மணலில் காலை மாற்றி ஊன்றுவதென்றால்கூட அவர் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்க வேண்டும். அவர் கேமரா மட்டும் தையல் மெஷின் மாதிரி நிமிஷத்துக்கு அறுநூறு தடவை தட்டிக்கொண்டிருக்கும். அது சத்தம் இல்லை. அது கலை.

ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் அளந்தே சொல்கிறேன். நடைக்காரர் ஒருவரின் தோளில் தொங்கும் சரக்கு சராசரி ஒன்பது கிலோ. அவர் துரத்துகிற உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையின் எடை ஐம்பது கிராம். நூற்றெண்பது மடங்கு. இருந்தும் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஜெயிப்பது உள்ளான்தான்.

குரலை வைத்தும் இவரை அடையாளம் காணலாம். குரல் இரண்டு வகை. ஒன்று, "ஷ்ஷ்." இது சாதாரணக் குரல். இன்னொன்று விசேஷக் குரல். அதைக் கேட்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் போய், "இன்னைக்கு ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்று கேட்டால் போதும். மெதுவாகத் திரும்புவார். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நோயாளியைப் பார்க்கிற பார்வை அது.

"நேத்து வந்திருக்கணும் நீங்க."

"நேத்து என்ன சார்?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. விடுங்க."

விட்டுவிடுவார். நீங்கள்தான் விட முடியாமல் வீடு வரை சுமந்துகொண்டு போவீர்கள். சரி, நேற்றே போயிருந்தால்? நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். லீவில் ஊருக்கு வந்தபோது மூன்று நாள் தொடர்ந்து போனேன். மூன்று நாளும், அதற்கு முந்தின நாள்தான் அமோகமாக இருந்திருக்கிறது. ஒரு கருவி மூன்று தடவையும் ஒரே பிழையைக் காட்டினால் பிழை கருவியில் இருக்கிறது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

இவர் கடலைப் பார்ப்பார் என்று நினைக்கிறீர்களா? படம் எடுத்தவுடன் குனிந்து கேமராவின் முதுகிலுள்ள சின்னத் திரையைப் பார்ப்பார். பெரிதாக்கிப் பார்ப்பார். பறவையின் கண் துல்லியமாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குள் அசல் பறவை இன்னும் நாலடி கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, இவர் என்ன பார்க்கிறார் என்று பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

இந்த இனத்துக்குச் சட்டங்களும் உண்டு. முக்கியமானவை இரண்டு. முதலாவது: "மனுஷன் விழுந்தா அழி." படத்தின் ஓரத்தில் யாருடைய கையோ, குடையோ, தலையோ வந்துவிட்டால் அந்தப் படம் தீட்டு. அங்கேயே, அந்த மணலிலேயே நின்று அழித்துவிட வேண்டும். இரண்டாவது: "படம் இல்லேன்னா பார்க்கலை." சங்கத்துக்கென்று ஒரு நீல நோட்டு. தேதி, பறவை, எண்ணிக்கை, கண்டவர் என்று நாலு கட்டம். கண்டவர் கட்டத்தில் படம் எடுத்தவர் பெயர்தான் ஏறும். வெறும் கண்ணால் பார்த்தவன் பெயர் ஏறாது. நோட்டை வைத்திருப்பவர் சங்கத் தலைவர், ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து காட்டினால்தான் பல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவர்.

இவ்வளவு விவரம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? என் வீட்டில் ஒன்று இருக்கிறது. அப்பா.

பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் கேமரா வாங்கினார். அதற்கடுத்த வாரம் லென்ஸ். லென்ஸ் வந்ததும் அதை வைக்க இடமில்லாமல் அலமாரியில் அம்மாவின் புடவைகள் ஒரு தட்டு கீழே இறங்கின. பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் புடவைகள் தரைக்கு வந்துவிட்டன. சங்கத்தில் அப்பாவுக்கு "க்ளோசப்" என்று பட்டப்பெயர். கிட்டே போகாமல் படமெடுக்க மாட்டார். பறவைகளுக்கு மட்டும்.

அவர்கூடவே அம்மாவும் போவாள். பன்னிரண்டு வருஷம், சனி ஞாயிறு தவறாமல். கேமரா கிடையாது. தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வைத்த துணிப்பையும், அப்பாவின் இன்னொரு பையும் அவள் தோளில். ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள். "பக்கத்தைப் பார்த்தா போதும், தப்பான எழுத்து தானா எந்திரிச்சு நின்னு கையாட்டும்" என்பாள். கடற்கரையிலும் அப்படித்தான். மணல் நிறத்துப் பறவை மணலில் உட்கார்ந்திருக்கும். ஒன்பது கிலோ சரக்கோடு பத்துப் பேர் தேடுவார்கள். அம்மா பையைக் கை மாற்றிக்கொண்டு மோவாயால் காட்டுவாள்.

"அந்த ரெண்டாவது பாறைக்கு இடப்பக்கம். மூணு இருக்கு. ஒண்ணு ஒத்தைக்கால்ல நிக்குது."

தட தடவென்று கேமராக்கள். நோட்டில் ஏறும்: கண்டவர், இன்ஷூரன்ஸ்காரர். கண்டவர், மருந்துக்கடைக்காரர். கண்டவர், க்ளோசப்.

நான் போன அந்த மூன்று நாளில் ஒரு நாள், நீர் வற்றிய சேற்றில் தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பல் டாக்டர் கையை உயர்த்தினார். கூட்டம் உறைந்தது.

"ஆலா" என்று வெள்ளைக் கடற்பறவை ஒன்றின் பெயரைச் சொன்னார் இன்ஷூரன்ஸ்காரர்.

"ஆலா இவ்வளவு நேரம் ஒரே இடத்துல உட்காருமா சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"முட்டை மேல உட்கார்ந்திருக்கு."

"சேத்துலயா?"

"அதுதான் விசேஷம்!" என்று பல் டாக்டர் கிசுகிசுத்தார். "நமக்குத்தான் முதல் பதிவு. யாரும் மூச்சு விடாதீங்க."

"ஆணா பெண்ணா?"

"கழுத்து வளைவைப் பாருங்க. சந்தேகமே இல்லை, பெண்."

நாற்பது நிமிஷம். அப்பா வயிற்றால் ஊர்ந்து பதினைந்தடி முன்னேறியிருந்தார். அம்மா கரையில் நின்றுகொண்டு, கூவாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"அது பறக்கும்னு காத்திருக்கீங்களா?"

"ஷ்ஷ்! ஆமா!"

"பறக்காதுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"வார் அறுந்திருக்கு. இடது கால் செருப்பு."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு அந்த இனத்தின் பழக்கங்களில் இல்லை. பல் டாக்டர் மட்டும் திரையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, கடைசியில், "வெளிச்சம் சரியில்லை" என்றார். அப்பா முன்பக்கம் முழுக்கச் சேறோடு எழுந்து வந்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பை கனத்தால் என்று அப்பா நினைத்திருப்பார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா போன் பண்ணினார். "அம்மாவுக்கு லேசா மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. அவசரமில்லை, வேலையை முடிச்சுட்டு வா." தொழிற்சாலையில் பழுது பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற நிறுத்தம். சரிபார்க்கப் பதினான்கு பிரஷர் கேஜ் பாக்கி. முடித்துவிட்டுக் கிளம்பினேன். திங்கட்கிழமை காலை வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்து வந்திருக்கணும்மா நீ."

பன்னிரண்டு வருஷமாக ஊரில் எல்லோரிடமும் சொல்லிவந்த வாக்கியம். அன்றுதான் முதல் தடவை உண்மையாக இருந்தது.

பதினான்கு கேஜும் சரியாக இருந்தன. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடி அம்மாவை நினைப்பதாக ஏற்பாடு. சித்தி, அம்மாவின் தங்கை, எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். நாற்காலி சொன்னாள், டீ சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஒரு படம் வேணும்டி. சுவத்துல மாட்ட. சட்டம் போடுறவர் வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கச் சொல்றார்."

"கல்யாணப் படம் இருக்கே சித்தி."

"அதுல அவளுக்கு இருபத்திரெண்டு வயசு. வர்றவங்க உன்னைன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"அடையாள அட்டைல?"

"அதுல திருடி மாதிரி இருக்கா. ஏண்டி, உங்கப்பா வீட்ல படத்துக்கா பஞ்சம்?"

நியாயமான கேள்வி. அப்பாவின் ஹார்டு டிஸ்க்கில் அறுபத்திரண்டாயிரம் படங்கள். உள்ளான் பதினோராயிரம். ஆலா எட்டாயிரம். நண்டுக்குத் தனி அறை, அதற்குள் வலது கொடுக்கு பெரிதானவை, இடது கொடுக்கு பெரிதானவை என்று இரண்டு உள்ளறை. அம்மா என்று எதுவும் இல்லை. முகம் தேடுகிற மென்பொருளை ஓடவிட்டேன். மூன்று மணி நேரம் தேடி ஏழு முகம் கண்டுபிடித்தது. நாலு நண்டு. இரண்டு பாறை. ஒன்று பல் டாக்டர், பரிசுக் கோப்பையோடு.

"அப்பா, அம்மா படம் ஒண்ணுகூட இல்லியா?"

"இருக்குமே."

"இல்லை."

"உள்ளான்ல பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே திரை எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் சங்கத்தார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். சேற்றுப்பச்சை இல்லாமல் வெள்ளைச் சட்டையில் அவர்களை அடையாளமே தெரியவில்லை. கன்னத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வரிசையாக உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் பேசினார். "அக்கா மாதிரி ஒருத்தங்க கிடைக்க மாட்டாங்க. ஒரு நாள்கூடத் தவறினதில்லை. நம்ம சங்கத்தோட..." என்று வார்த்தை தேடினார். "கண்" என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். "துணை" என்று முடித்தார்.

"சார், உங்ககிட்ட அம்மா படம் இருக்குமா? பன்னெண்டு வருஷம் கூட வந்தாங்களே."

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே! எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் லட்சக்கணக்குல இருக்கு. கட்டாயம் இருக்கும்."

அந்தச் சமயத்தில் எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? மருந்துக்கடைக்காரர் முதலில் எழுந்தார். வரிசை முழுவதும் எழுந்தது. ஜன்னலில் ஐந்து வெள்ளைச் சட்டை முதுகு. துக்க வீடென்று யாரும் கேமரா கொண்டுவரவில்லை, அவ்வளவு நாகரிகம் இருந்தது, போனில் எடுத்தார்கள். சித்தி டீத் தட்டோடு வந்தவள், காலி நாற்காலிகளைப் பார்த்து, "போயிட்டாங்களா?" என்றாள். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு பறவைக்கு எழுந்திருக்காமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டர் ஒரு படம் அனுப்பினார். லட்சக்கணக்கில் தேடி எடுத்த ஒன்று. அற்புதமான நண்டு. ஒவ்வொரு முள்ளும் எண்ணலாம். மேல் மூலையில் மங்கலாக ஒரு செருப்பு வாரும் ஒரு கட்டைவிரலும். கீழே எழுதியிருந்தார்: "அக்கா கால் என்று நினைக்கிறேன்."

இன்ஷூரன்ஸ்காரர் உண்மையைச் சொன்னார். "வந்திருப்பாங்கம்மா, நிறைய விழுந்திருப்பாங்க. மனுஷன் விழுந்தா அழிச்சிடுவோம். பழக்கம்."

சங்கத்தின் இரண்டு சட்டங்களையும் நான் சேர்த்துப் பார்த்தேன். மனுஷன் விழுந்தால் அழி. படம் இல்லையென்றால் பார்க்கவில்லை. ஆக, நீல நோட்டின்படி, அம்மா என்று ஓர் உயிர் அந்தக் கடற்கரையில் காணப்படவில்லை.

புதன்கிழமை அப்பாவிடம் கேட்டேன். "அழிச்சதெல்லாம் எங்கே அழிப்பீங்க?"

"கேமராவுலயே. அப்பப்ப."

"மெமரி கார்டெல்லாம் திரும்பப் பயன்படுத்துவீங்களா?"

"சேச்சே" என்றார். வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். "நிறைஞ்ச கார்டை மறுபடி தொடக் கூடாது. அது நெகடிவ் மாதிரி."

எடுத்து வந்தார். அம்மாவின் மாத்திரை டப்பா. திங்கள் செவ்வாய் என்று ஏழு குழி போட்டது. குழிக்கு மூன்று கார்டு.

இங்கே ஒரு சின்ன விளக்கம். கார்டில் ஒரு படத்தை அழித்தால் படம் அழிவதில்லை. பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகிறது. இடம் காலி என்று ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும் வரை படம் அப்படியே இருக்கும். மீட்டெடுக்க மென்பொருள் இருக்கிறது. தொழிற்சாலையில் இதை நாலு தடவை செய்திருக்கிறேன்.

இருபத்தோரு கார்டு. பெரும்பாலும் பாதி வால், தப்பிப்போன இறக்கை, வெறும் வானம். அவற்றுக்கு நடுவில் இருநூற்றுப் பதினான்கு படங்களில் அம்மா.

எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிற்கிறாள். நேராக, கேமராவைப் பார்த்து, கழுத்துக்குக் கீழே இரண்டு கையாலும் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு.

கிரே கார்டு என்பார்கள். தேர்ந்த நடைக்காரர் கரையில் இறங்கியதும் செய்கிற முதல் வேலை இது. அன்றைய வெளிச்சத்தில் அந்த அட்டையை ஒருமுறை படமெடுத்துக்கொண்டால் அதை வைத்து மற்ற படங்களின் நிறத்தைச் சரியாக நிறுத்தலாம். அளவுமானிக்கு நாங்கள் பூஜ்யம் வைப்பது போல. அட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும். மனுஷன் விழுந்த படமல்லவா?

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திருப்பி அப்பாவுக்குக் காட்டினேன்.

"இது டெஸ்ட் ஷாட்டும்மா" என்றார். "படம் இல்லை."

"பாருங்கப்பா."

பார்த்தார். ஒவ்வொன்றாக நகர்த்தினார். காற்றில் முடி முகத்தில் விழுந்தபடி அம்மா. மழைத்தொப்பியில் அம்மா. கொட்டாவியை அடக்கிக்கொண்டு அம்மா. பாதிக்கு மேற்பட்ட படங்களில் வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன சொல்றாங்க?"

"'சீக்கிரம் எடுங்க, கை வலிக்குது.'"

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லென்ஸ் துணியால்.

"ஷார்ப்பா இருக்கு" என்றார். பிறகு, "நிறம் பாரு" என்றார். சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. கல்யாணப் படத்தில் அம்மா மஞ்சளாக, அடையாள அட்டையில் நீலமாக இருப்பாள். இவற்றில் அவள் நிறம் அவள் நிறமாகவே இருந்தது. இருநூற்றுப் பதினான்கிலும். அட்டை கையில் இருந்ததால்.

நூற்று முப்பத்தெட்டாவது படத்தில் அப்பா நின்றார். அதில் மட்டும் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அட்டை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கண் கேமராவைத் தாண்டி எதையோ பார்க்கிறது. மோவாய் லேசாக உயர்ந்திருக்கிறது. புருவத்தில் ஒரு சுருக்கம்; பிழை எழுந்து நின்று கையாட்டியதும் வருகிற சுருக்கம்.

"இது கல்திருப்பி அன்னைக்கு" என்றார் அப்பா. கல்லைப் புரட்டிப் புரட்டி அதனடியில் இரை தேடுகிற ஒரு பறவை. பல்லாண்டு தேடலில் சங்கம் பதிவு செய்த ஒரே ஒரு கல்திருப்பி. பல் டாக்டர் கோப்பை கொடுத்தது அதற்குத்தான். "என் முதுகுக்குப் பின்னாடி நின்னுச்சு. இவதான் மோவாயைக் காட்டினா. நான் அட்டையை வாங்கக்கூட இல்லை, அப்படியே திரும்பி எடுத்தேன்."

நீல நோட்டில் அந்தத் தேதியில் இப்படி இருக்கும்: கல்திருப்பி, ஒன்று. கண்டவர், க்ளோசப்.

"இதைக் குடு சட்டம் போட" என்றார்.

சட்டம் போடுகிறவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அட்டையை வெட்டிரலாமா? முகம் மட்டும் பெருசா வரும்" என்று கேட்டார்.

"வெட்டாதீங்க" என்றார் அப்பா.

"மேலே பாக்குறாங்களே, நேரா பாக்குற மாதிரி வேற இல்லியா?"

"இருநூத்திப் பதிமூணு இருக்கு. இதுதான் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சங்கமும் வந்தது. பல் டாக்டர் சுவரின் முன் நின்று, வழக்கம்போல் ஒரு கண்ணை இடுக்கி, கிட்டே போய்ப் பார்த்தார். "நல்ல வெளிச்சம்" என்றார். அப்பா பக்கத்தில் போய் நின்றார்.

"டாக்டர், நோட்டுல ஒரு திருத்தம். கல்திருப்பி. கண்டவர் நான் இல்லை, இவ."

"சார், நீங்க வருத்தத்துல இருக்கீங்க. ஆனா சட்டம் உங்களுக்குத் தெரியும். படம் இல்லேன்னா..."

"இருக்கே. உங்க எதிர்லதானே மாட்டியிருக்கு?"

"இது அக்கா படம் சார்."

"அவ பார்க்கிற படம்."

பல் டாக்டர் மறுபடி சுவரை ஆராய்ந்தார். மேல் மூலை, கீழ் மூலை. "பறவை எங்கே சார்?"

"என் முதுகுக்குப் பின்னாடி."

விஷயத்தைச் செயற்குழுவில் வைப்பதாகப் பல் டாக்டர் சொன்னார். வைத்தார். முடிவு இன்னும் வரவில்லை.

வேறொரு முடிவு வந்திருக்கிறது. கடந்த நாலு வார நடைகளில் சங்கம் மொத்தம் ஒன்பது வகைப் பறவைகளைத்தான் பார்த்திருக்கிறது. போன வருஷம் இதே மாதத்தில் முப்பத்தொன்று. செயற்குழு கூடி, கவலைப்பட்டு, கடலோரப் பறவைகள் திடீரென்று குறைந்துவிட்டன, உடனே ஆராய வேண்டும் என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதி உரிய அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஐந்து பேர் கையெழுத்து. அளவு திடீரென்று விழுந்தால் முதலில் கருவி இருக்கிறதா என்று பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அப்பா கையெழுத்துப் போடவில்லை.

சரி. படிக்கிற உங்களுக்கு இந்நேரம் ஒரு நிம்மதி வந்திருக்கும். உங்களிடம் கேமரா இல்லை. சேற்றுப்பச்சைச் சட்டை இல்லை. கன்னம் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இந்த இனம் நானில்லை என்கிறீர்கள்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் போனில் நாலாயிரத்து இருநூறு படங்கள் இருக்கின்றன. மூவாயிரத்துச் சொச்சம் பிரஷர் கேஜ். வால்வு, பைப், பெயர்த்தகடு. ஹோட்டல் அறையின் வைஃபை பாஸ்வேர்டு. பஸ் நிலையத்தில் தூங்குகிற ஒரு பூனை, பதினெட்டுக் கோணத்தில். அம்மா ஒன்றுகூட இல்லை. பல் டாக்டரிடமாவது ஒரு கட்டைவிரல் இருந்தது.

உங்கள் போனை எடுங்கள். கடைசி நூறு படம் போதும். சாப்பிட்ட தட்டு எத்தனை, அஸ்தமனம் எத்தனை, ரசீது எத்தனை, எண்ணுங்கள். இப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாரே, நீங்கள் "ம்" கொட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அவர் எத்தனை? ஓரத்தில் அவர் கை விழுந்துவிட்டது என்று நீங்கள் அழித்த படம்கூட முப்பது நாள்தான் குப்பைத்தொட்டியில் கிடக்கும். என்னைப் போலக் கார்டைச் சுரண்டுகிற ஆள் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டாள்.

இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை, அவர் தலை வாரவில்லை, நாளைக்கு நன்றாக நிற்கவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? தாராளமாக. அவசரமில்லை, கையிலிருக்கிற வேலையை முடியுங்கள். வாசலில் ஒருவர் நிற்பார். நீங்கள் கேட்பதற்குள் அவரே சொல்வார். என்ன சொல்வார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.